ஏழு தொல்லை அழைப்புகள்

போனில் என்ன மாற்றம் வேண்டும் என்று தர்மபுரி மாவட்டத்தில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஆறு பேர், "எதையும் மாத்தாம இருந்தாலே போதுங்க" என்பார்கள். மீதி நான்கு பேர், போன அப்டேட்டில் காணாமல் போன பொத்தானைத் திருப்பிக் கேட்பார்கள். இந்த வேலைக்கு வந்த முதல் மாதமே எனக்கு இது தெரிந்துவிட்டது. உங்களுக்கு முதல் நாளே தெரியட்டும்.

கள ஆய்வுக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். மேடையில் ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுதித் தருகிறேன் என்றேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன், எதுவும் இன்னும் மறக்கவில்லை.

தர்மபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இந்த வேலைக்கு வந்தேன். நம் நிறுவனம் பெங்களூரில் உட்கார்ந்து போனுக்கான மென்பொருளும் அதோடு வரும் செயலிகளும் செய்கிறது. புதிய பதிப்பு ஊருக்கெல்லாம் போவதற்கு முன், இந்த மாவட்டத்தில் நாற்பது பேருடைய போனில் அதை ஏற்றிப் பார்ப்பார்கள். அந்த நாற்பது பேரும் என் பொறுப்பு. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பேன், படிவத்தில் எழுதுவேன், பெங்களூருக்கு அனுப்புவேன். அவர்கள் செய்து தந்ததைத் திரும்பவும் இவர்கள் போனில் ஏற்றி, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு ஸ்கூட்டர், ஒரு பை, நிறைய மோர். வேலை அவ்வளவுதான்.

ஆசைகள் விதவிதமாக வரும். முகத்தைப் பார்த்துத் திறக்கும் போன், தலையில் துண்டு கட்டிக்கொண்டு காட்டில் நின்றால் திறப்பதில்லை என்று இண்டூர்க்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார். புளி தட்டித் தட்டி ரேகை தேய்ந்த பெண்களுக்கு விரல் வைத்தாலும் திறக்காது. இன்னொருவர், "வூட்டுக்குப் போன் போடு" என்று போனிடம் சொல்லிக் காட்டினார். அது 'வுட்' என்று புரிந்துகொண்டு, சேலத்தில் உள்ள மரக்கடைகளை வரிசையாகக் காட்டியது. அவர் சிரிக்கவில்லை. "நாங்க பேசறது தமிழ் இல்லீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே எழுதி அனுப்பினேன். அடுத்த வருடம் 'வூடு' புரிந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, என் பெண் டிகிரி வாங்கிய அன்றைக்குக்கூட இல்லை.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

ஒருமுறை நாற்பது பேரும் ஏறக்குறைய ஒரே ஆசையைச் சொன்னார்கள். விளம்பர அழைப்புகள். களை எடுக்கும்போது, சாப்பிடும்போது, எழவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, 'ஓசூர்ல பிளாட் வேணுங்களா' என்று ஒருவன். "தெரியாத நம்பர்ல இருந்து வந்தா போனு அடிக்கவே கூடாதுங்க" என்றார்கள். நாற்பதில் முப்பத்தெட்டுப் பேர். இப்படி ஒரு ஒற்றுமையை நான் தேர்தலில்கூடப் பார்த்ததில்லை. சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அனுப்பினேன். பெங்களூரும் உடனே செய்து தந்தது. நாம் சேமித்து வைக்காத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் சத்தம் வராது, அதிர்வு வராது, திரையில் வெளிச்சம்கூட வராது. உள்ளே ஒரு தனிப் பட்டியலில் மட்டும் போய் விழும்.

அதை ஏற்றிய ஐந்தாம் நாள், எப்படி இருக்கிறது என்று பார்க்க பிலோமினா வீட்டுக்குப் போனேன். மொரப்பூரிலிருந்து கம்பைநல்லூர் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர். பிலோமினாவுக்கு நாற்பது வயதிருக்கும். அரை ஏக்கரில் சாமந்தி போட்டிருந்தாள். அவளுடைய அப்பா சவரிமுத்து, திருப்பூரில் மகன் வீட்டில் இருந்தபடி கண் அறுவை சிகிச்சை முடித்திருந்தார். மறுநாள் மகள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்காக அவள் ஒரு அறையைக் கழுவி விட்டிருந்தாள்.

நான் போனபோது பதினொன்றரை மணி. மேசை மேல் போனை வைத்துவிட்டு எனக்கு மோர் ஊற்றினாள்.

"அக்கா, இந்த அஞ்சு நாளாத்தான் நிம்மதியா இருக்கறங்க்கா. முன்னெல்லாம் பூப்பறிக்கக் குனிஞ்சாப் போதும், மேடம் மேடம்னு ஒருத்தன் கூப்புடுவான். இன்னைக்குக் காலைல இருந்து ஒரு பய கூப்புடல."

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆற அமரப் பேசினோம். பூ விலை, அவள் அப்பாவின் கண், பாத்திமா மாதாவின் சின்னக் குகைக் கோயிலுக்குப் புதிதாகப் பூசிய வண்ணம். பன்னிரண்டேகால் இருக்கும், படிவத்தை எடுத்தேன். எத்தனை தொல்லை அழைப்புகள் தடுக்கப்பட்டன என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அவள் போனை வாங்கி, அந்தத் தனிப் பட்டியலைத் திறந்தேன். அன்று காலையில் மட்டும் ஏழு.

"பாருங்க, ஏழு தொல்லை ஒழிஞ்சுது" என்று சொல்லி, கட்டத்தில் 7 என்று எழுதினேன். கொஞ்சம் அழகாகவே எழுதினேன்.

பேனாவை மூடுவதற்குள் போன் அடித்தது. சேமித்த எண். திருப்பூரிலிருந்து அவள் அண்ணன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிலோ, அப்பா அங்க வந்துட்டாரா?"

"நாளைக்குத்தானண்ணா வர்றாரு?"

"காலைல ஆறு மணிக்கு சர்ச்சுக்குப் போறன்னு கெளம்புனாரு. இன்னும் காணோம். போனு இங்கயே சார்ஜுல கெடக்குது. இப்பதான் பாத்தன், அவரு பையைக் காணோம்."

பிலோமினாவின் முகம் மாறியது. "அவருக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பரு என் நம்பரு ஒண்ணுதானே" என்று தனக்குத்தானே சொன்னாள். சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தாள். நான் படிவத்தைப் பார்த்தேன். நான் எழுதிய 7 என்னைப் பார்த்தது.

இப்படி ஒரு நேரத்தில் எதை முதலில் செய்வது என்பதுதான் நம் வேலையில் கஷ்டமான இடம். அன்று நான் செய்ததில் சரியாக அமைந்தது ஒன்றே ஒன்று. அவள் அழத் தொடங்குவதற்கு முன், அவள் போனில் அந்த வசதியை அணைத்தேன். "உங்க போனைக் கையிலயே வெச்சிருங்க, யாரோடயும் பேசாதீங்க. அப்பா திரும்பக் கூப்பிட்டா லைன் காலியா இருக்கணும். நான் என் போன்ல இருந்து இந்த நம்பருங்களுக்குப் போடறேன்" என்றேன்.

ஏழு அழைப்புகளும் நான்கே எண்களிலிருந்து வந்திருந்தன. முதல் எண்ணுக்குப் போட்டேன்.

"வணக்கம் மேடம்! ஓசூர் பக்கத்துல புது லேஅவுட்…"

உண்மையான தொல்லை அது ஒன்றுதான். அந்தப் பையனின் குரலைக் கேட்டு அழுத ஒரே வாடிக்கையாளர் பிலோமினாவாகத்தான் இருப்பாள்.

இரண்டாவது எண், மூன்று முறை அழைத்திருந்தது. எடுத்தது ஓடும் ரயிலில் இருந்த ஒரு பெண்.

"ஆமாங்க, கருப்புக் கண்ணாடி போட்டிருந்த பெரியவர்தானே? என் போன்லதான் மூணு தடவ கூப்பிட்டாரு. யாரும் எடுக்கல. பரவால்ல, பொண்ணு எப்படியும் வந்துரும்னு சொல்லிட்டு மொரப்பூர்ல எறங்கிட்டாருங்க."

மூன்றாவது எண், இரண்டு முறை. ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை.

"இங்க முக்கா மணி நேரம் உக்காந்திருந்தாருங்க. டீ வேணாம், சக்கரை இருக்குதுன்னாரு. காலைல சாப்பிட்டீங்களான்னு கேட்டன், மாத்திரை மட்டும் போட்டன்னாரு. பஸ்ஸு போயிருச்சு, நடக்கறன்னு கம்பைநல்லூர் ரோட்டுல போனாருங்க. வெயிலு வேற."

நான்காவது எண்ணிலிருந்து ஒரே ஒரு அழைப்பு. நேரம் பன்னிரண்டு ஐந்து. அந்த நேரத்தில் நான் அதே மேசைக்கு முன்னால் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தப் போனுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்.

அந்த எண்ணுக்குப் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை.

ஸ்கூட்டரில் கிளம்பினோம். பிலோமினா பின்னால் உட்கார்ந்து, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு புளியமரத்தடியிலும் வேகத்தைக் குறைத்தேன். நிழல் இருந்தது, ஆள் இல்லை. ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டோம். டீக்கடைக்காரர் கையை விரித்தார். "அப்பறம் இந்தப் பக்கம் வரலீங்களே" என்றார்.

வண்டியை நிறுத்தி, நான்காவது எண்ணுக்கு மூன்றாவது முறை போட்டேன். இந்தத் தடவை ஒரு அம்மா எடுத்தார்.

"யாருங்க அது? மூணு தடவ அடிக்கிறீங்க?"

சொன்னேன்.

"அட ஆமாங்க! எம் போன்ல ஒருக்கா கூப்புட்டுப் பாத்துட்டு எந்திரிச்சவரு, மரத்தடியில தல சுத்தி உக்காந்துட்டாரு. எம் மாமியாளுக்கும் இப்பிடித்தான் சக்கரை எறங்கும், அதனால பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. சக்கரைத் தண்ணி குடுத்து, களி உருண்டை ரெண்டு போட்டுக் கரைச்சுக் குடுத்து, வூட்டுல படுக்க வெச்சிருக்கறன். பதட்டப்படாம வாங்க. பால் சொசைட்டிக்குப் பக்கத்துச் சந்து."

சாலையிலிருந்து நூறடி உள்ளே இருந்தது வீடு. அந்த வழியாக நாங்கள் போய் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

சவரிமுத்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கருப்புக் கண்ணாடி அப்படியே இருந்தது. மகளின் குரல் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எதுக்கு வந்த?" என்றார். "ஒன்னப் பாக்கணும்னு ஒரு நாள் முன்னாடியே கெளம்பி வந்து, ஆறு தடவ கூப்புட்டன் பாப்பா. மொகந்தெரியாதவங்ககிட்டயெல்லாம் போனு கேட்டுக் கேட்டுக் கூப்புட்டன். எடுக்கல. சரி, அப்பனுக்கு அங்க எடமில்லன்னு நெனச்சுக்கிட்டன். அடுத்த ரயிலுக்குத் திரும்பிரலாம்னு எந்திரிச்சப்பத்தான் கண்ணு இருட்டிக்கிச்சு."

"ஐயோ, போனு அடிக்கவே இல்லப்பா. மாதா மேல சத்தியமா அடிக்கல."

"அடிக்காம எப்பிடி? எங்காதுல மணி அடிச்சுதே. எங்காதுல அடிச்சது உங்காதுல அடிக்கலயா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. கூப்பிடுகிறவருக்கு மணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். இந்தப் பக்கம் போன் வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? எடுக்க மனமில்லாமல் விட்டுவிட்டாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு எளிய வழி இருந்தது. 'டவர் கெடைக்கலீங்க ஐயா' என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுக்க மாட்டார்கள். நம் தொழிலில் இருக்கும் பெரிய சௌகரியம் அது. வெளிவராத வசதியைப் பற்றி வெளியாரிடம் பேசக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட்ட காகிதமும் இருந்தது. ஆனால் அந்தப் பெரியவர் டவர் மேல் பழியைப் போட்டுவிட்டு மகளை நம்பிவிடுவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. டவர் இல்லாவிட்டால் எப்படி மணி அடிக்கும் என்று அடுத்த கேள்வி கேட்கக்கூடிய ஆள் அவர்.

"ஐயா, தப்பு உங்க பொண்ணு மேல இல்லீங்க. என் மேலதாங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு என்று எழுதியதையும் சொன்னேன். படிவத்தை எடுத்துக் காட்டினேன். கண் சரியாகத் தெரியாதவரிடம் எதற்குக் காட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "எம் பொண்ணு போனுக்கு நீங்க எதுக்கும்மா வாயக் கட்டுனீங்க?"

அவர் கையை நீட்டினார். பிலோமினா பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டு அம்மா எனக்கும் ஒரு சொம்பில் கரைத்த களியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் மொத ரெண்டு தடவையும் எடுக்கலீங்க, கோவிச்சுக்காதீங்க" என்றார். "தெரியாத நம்பருன்னு உட்டுட்டன். பிளாட்டு விக்கிறவன் ஒருக்கா அடிப்பான். எடுக்கலன்னா அடுத்த ஆளுக்குப் போயிருவான். அவனுக்கு ஊருப்பட்ட ஆளுங்க. ஒரே நம்பரு திரும்பத் திரும்ப வந்தா, அவுங்களுக்கு நம்மளத்தான் வேணும். அதனாலதான் மூணாவது தடவ எடுத்தன்."

பெங்களூரில் பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த வேலையை, அந்த அம்மா களி கரைத்துக்கொண்டே திருத்திவிட்டார். நான் அதைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

பிறகு வாசலுக்கு வந்து பெங்களூருக்குப் போன் செய்தேன். மீதி முப்பத்தொன்பது போன்களும் இதேபோல் வாயடைத்துக் கிடக்கின்றன, உடனே நிறுத்த வேண்டும் என்றேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். சோதனை முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, நடுவில் நிறுத்தினால் எடுத்த விவரமெல்லாம் வீணாகிவிடும், திங்கட்கிழமை கூட்டத்தில் வைக்கலாம் என்றார். அன்று வியாழக்கிழமை.

நான் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. அங்கேயே நின்று, முப்பத்தொன்பது பேருக்கும் வரிசையாகப் போன் போட்டு, அதை அணைக்கச் சொன்னேன். இருபத்தெட்டுப் பேர் எடுத்தார்கள். பதினொரு பேர் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர்கள் யாரும் என் எண்ணைச் சேமித்து வைத்திருக்கவில்லை! நான் கேட்டு வாங்கித் தந்த வசதி, என்னையே பிளாட் விற்பவளாக்கி உட்கார வைத்துவிட்டது.

அந்தப் பதினொரு பேரையும் இரண்டு நாளில் நேரில் பார்த்தேன். இண்டூருக்கு ஸ்கூட்டர், ஏரியூருக்கு பஸ். ஏரியூரில் ஒருவருக்குக் கால்நடை மருத்துவர் இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். நல்லவேளை, கன்று மருத்துவரை எதிர்பார்க்காமல் தானாகவே பிறந்திருந்தது. கன்றைக் காட்டிவிட்டுத்தான் போனைக் கையில் கொடுத்தார்.

அனுமதி இல்லாமல் சோதனையை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெயில் வந்தது. வந்த அன்றே பழைய படிவங்களை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். முப்பத்தெட்டுப் பேர் கேட்டார்கள் என்று எழுதியிருந்தேனே, மீதி இரண்டு பேர் என்ன சொன்னார்கள்? ஒருவர் போன் பேசவே நேரமில்லை என்றவர். இன்னொருத்தி, லாரி டிரைவரின் மனைவி. அவள் சொன்னதை என் கையெழுத்திலேயே படித்தேன்: "அந்த மாதிரி வேணாங்க. எங்க வூட்டுக்காரரு போனு வழியில செத்துப்போவும். கெடச்ச போன்ல இருந்து கூப்புடுவாரு." அதற்குப் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்: 'தனிப்பட்ட காரணம்.'

அவ்வளவும் அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். எனக்குத்தான் முப்பத்தெட்டு என்ற எண் காதை அடைத்துவிட்டது. வேண்டும் என்று ஊரே சொல்லும்போது, வேண்டாம் என்று சொல்லும் ஒருத்தியிடம் இன்னும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நான் உட்காரவில்லை. அன்றைக்குள் இன்னும் மூன்று வீடு முடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

விளக்கத்தில் சால்ஜாப்பு எதுவும் எழுதவில்லை. ஏழு அழைப்புகளையும் நேரத்தோடு வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார், எங்கிருந்து, எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று எழுதினேன். லாரி டிரைவர் மனைவி சொன்னதையும், நான் அதற்குப் பக்கத்தில் எழுதிய இரண்டு வார்த்தைகளையும் அப்படியே சேர்த்தேன். திங்கட்கிழமை அங்கிருந்து ஒரு போன் வந்தது. பிரிவின் தலைவர், என் வயதில் பாதிகூட இருக்காது.

"மேடம், அந்தக் களி குடுத்த அம்மா என்ன சொன்னாங்கன்னு இன்னொரு தடவை சொல்றீங்களா? எல்லாரும் கேட்டுட்டிருக்கோம்" என்றார்.

சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ விசைப்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது.

இரண்டு மாதம் கழித்துத் திருத்திய பதிப்பு வந்தது. தெரியாத எண் ஒன்றிரண்டு முறை அழைத்தால் போன் பேசாமல் இருக்கும். அதே எண் பத்து நிமிடத்துக்குள் மூன்றாவது முறை வந்தால் வாய்விட்டு அடிக்கும். சவரிமுத்து கேட்டது மட்டும் இன்னும் நடக்கவில்லை. இந்தப் பக்கம் அடிக்கவில்லை என்றால், கூப்பிடுகிறவர் காதிலும் மணி அடிக்கக் கூடாது. அது போன் மென்பொருளோடு முடிகிற காரியம் இல்லை, பல பேர் சேர வேண்டும் என்றார்கள். உங்களில் யாராவது அதை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்.

புதிய பதிப்பை ஏற்ற முதலில் பிலோமினா வீட்டுக்குத்தான் போனேன். சவரிமுத்து அங்கேதான் இருந்தார். கண் தெளிந்திருந்தது. சாமந்திக் காட்டில் மகளோடு நின்றுகொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க, பிலோமினா சேமித்து வைக்காத எண் ஒன்று வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரிடம் போனை இரவல் கேட்டேன். அதைப் பெரியவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நானே கூப்புடறன்" என்றார்.

மகளின் எண்ணை மனப்பாடமாக அழுத்தினார். பிலோமினா தன் போனைக் கையில் ஏந்தியபடி நாலடி தள்ளி நின்றாள். முதல் முறை, ஒன்றுமில்லை. இரண்டாவது முறை, ஒன்றுமில்லை. பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது முறை அழுத்தினார்.

அடித்தது. வரப்பில் நின்ற கொக்கு பறக்கும்படி அடித்தது.

சரியாக இருக்கிறது என்று படிவத்தில் குறிக்கப் போனேன். ஆனால் சவரிமுத்து போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிலோமினாவும் துண்டிக்கவில்லை. தன் போனைக் காதில் வைத்தாள்.

"எடுத்துட்டியா பாப்பா?"

"எடுத்துட்டம்ப்பா."

"சரி. பேசு."

நாலடி தூரத்தில் நின்றுகொண்டு அவர்கள் பேசத் தொடங்கினார்கள். பக்கத்து நிலத்துக்காரர் தன் போனுக்காகக் காத்திருந்தார். நான் ஸ்கூட்டர் பக்கம் நகர்ந்துகொண்டேன்.